24,000 ரூபாய்க்கு வாங்கிய மாருதி 800: ஒரு முழுக் கணக்கு

மாருதியை விற்று ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த வண்டி பார்க்கலாம் என்று மனசு கிளம்பிய பிறகுதான், அந்தச் சமயத்தில் செலவு எழுதி வந்த டைரியைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டினேன். வாங்கியது 24,000. விற்றது 72,000. கேட்டவர்கள் எல்லாம் "பரவால்லையே, மூணு மடங்கு" என்றார்கள். நானும் ஒரு வருஷமாக லாபம் என்றே நம்பியிருந்தேன். செலவின் கூட்டுத்தொகை 98,750 என்று வந்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், அதேதான்.

எனக்கு வெல்டிங் தொழில். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 11 வருஷமாக இருக்கிறேன். இரும்பு தெரியும், தகடு தெரியும், இன்ஜினும் ஓரளவு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய காரைத் தயார் பண்ணி விற்றால் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகுமே என்பதுதான் ஆரம்பம். என்னைப் போல நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாருதி 800-ஐத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்தச் சின்ன ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். கார்புரேட்டர் மாடலாக இருந்தால் சென்சார், கம்ப்யூட்டர் என்று எதற்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அதனால் 2000-க்கு முந்தைய வண்டியாகத் தேடினேன்.

2023 செப்டம்பரில் தொடங்கிய தேடல் ஜனவரி வரை இழுத்தது. சேலம், ஈரோடு, கரூர், ராசிபுரம், துறையூர், ஒரு தடவை திண்டுக்கல். மொத்தம் 11 வண்டி பார்த்தேன். போட்டோவில் பளபளப்பாக இருந்த ஒரு வண்டியை சேலத்தில் போய்ப் பார்த்தால், இன்ஜின் நம்பர் ஒன்று, ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் வேறு. கரூரில் ஒன்றில் கேஸ் கிட் மாட்டியிருந்தார்கள், ஆனால் ஆர்.சி.யில் ஏற்றவே இல்லை. ஈரோட்டில் பார்த்த மாருதி ஜென் கார் மனசுக்குப் பிடித்துப்போய் அன்றைக்கே 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போனில் வண்டி விவரம் எடுத்துப் பார்த்தால், பழைய கடன் இன்னும் ஆர்.சி.யில் நிற்கிறது. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அவர்களுடைய தடையில்லாச் சான்றும் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் இல்லாமல் அந்தக் கடன் வரியை நீக்க முடியாது. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பைக்குக்குப் பெட்ரோல், சாப்பாடு. மூன்று தடவை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போனேன், அவருக்கு நாள் கூலி 500. இதெல்லாம் 4,700 ஆனது. அட்வான்ஸில் போன 2,000-ஐச் சேர்த்தால் 6,700. கையில் வண்டி வருவதற்கு முன்னாலேயே போன பணம் இது. அன்றைக்கு இதை வண்டிச் செலவில் நான் எழுதவே இல்லை. டைரியில் வீட்டுச் செலவுப் பக்கத்தில் கிடந்தது.

பரமத்தி வேலூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் 1998 மாருதி நிற்பதாக ஒரு புரோக்கர் சொன்னார். தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் வாழைத்தார்களுக்கு நடுவே நின்றது. வெள்ளை நிறம், வெளியில் அங்கங்கே கீறல். புது பேட்டரி கொண்டுபோய் இணைத்து சாவியைத் திருப்பினால் மூன்றாவது முயற்சியில் பிடித்துவிட்டது. ஐந்து மாதமாக அலைந்தவனுக்கு அந்தச் சத்தமே போதும் என்று இருந்தது. 35,000 சொன்னார்கள், 24,000-க்கு முடிந்தது.

அன்றைக்கு இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. இரண்டையும் நான் யோசிக்கவில்லை. பானெட்டுக்குள் ஒயர் கட்டில் ஒரு ஆயில் மாற்றிய அட்டை தொங்கியது. 2019 தேதி போட்டு, வேதாரண்யத்தில் உள்ள ஏதோ ஒர்க்‌ஷாப்பின் முத்திரை. வண்டியின் நம்பரோ டி.என். 28, எங்கள் நாமக்கல் நம்பர். இரண்டாவது, வீட்டுக்குள் டீ குடிக்க உட்கார்ந்தபோது எதிர்ச் சுவரில் சந்தன மாலை போட்ட ஒரு பெரியவர் படம், கீழே சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. "ஆர்.சி. யார் பேர்ல இருக்குதுங்க?" என்று கேட்டேன். "அப்பா பேர்லதானுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்றார் விற்றவர். நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஆர்.சி. 2023 ஆகஸ்டிலேயே காலாவதி. இன்சூரன்சும் இல்லை. ஓட்டிவரக் கூடாது என்பதால் ரெக்கவரி வண்டிக்கு 1,800, புரோக்கருக்கு 1,000. அன்று ராத்திரி டைரியில் எழுதிய கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது: வண்டி 24,000, பெயிண்ட் 9,000, இன்ஜின் சர்வீஸ் 5,000, பிரேக் பேட்டரி 4,000, மொத்தம் 42,000. விற்கும் விலை 75,000. லாபம் 33,000. அதன் கீழே இரண்டு கோடு.

வேலையைப் பெயிண்டில் ஆரம்பித்தேன். இதுதான் பெரிய தப்பு. பெயிண்டர் பிப்ரவரியில்தான் கிடைப்பார், மார்ச்சில் அவருக்கு வேறு வேலை என்று சொன்னதால், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். டிங்கரிங், பட்டி, பிரைமர், இரண்டு கோட் வெள்ளை. பேசிய 9,000-க்கே முடித்துக் கொடுத்தார், வேலையும் சுத்தம்.

மார்ச் முதல் ஞாயிறு உள்ளே கழுவலாம் என்று சீட்டைக் கழற்றி, தரையில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினேன். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தார் மாதிரி ஒட்டியிருந்த ஷீட் கொஞ்சம் உப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எட்டிப் பார்த்தால் ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. ஷீட்டை உரித்தேன். தகடு இலை இலையாகப் பிரிந்து, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது. விரலில் ஒட்டிய துருவில் உப்பு வாசம் அடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்த ஆயில் அட்டை ஞாபகம் வந்தது. விற்றவருக்குப் போன் போட்டேன். 2015-இலிருந்து ஆறு வருஷம் வேதாரண்யத்தில் வேலை, வண்டி அங்கேதான் வெளியில் நின்றது, பக்கத்திலேயே உப்பளம் என்றார். நம்பரைப் பார்த்து உள்ளூர் வண்டி என்று நினைத்தேன். வண்டி எங்கே பதிவானது என்பதைவிட எங்கே வாழ்ந்தது என்பதுதான் தகட்டுக்கு முக்கியம்.

ஓட்டை பார்க்க 22 செ.மீ.க்கு 15 செ.மீ.தான் இருந்தது. பளபளப்பான நல்ல தகடு வரும் வரை வெட்டிக்கொண்டே போனதில் 48-க்கு 36 ஆகிவிட்டது. இதில் சுருக்கம் பண்ணக் கூடாது. துருவின் ஓரத்தில் பற்றவைத்தால் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் அடுத்த மழைக்கு ஓரம் விட்டுவிடும். 20 கேஜ் தடிமனில் சி.ஆர். இரும்பு ஷீட் வாங்கி, அட்டையில் அச்சு வெட்டி, அதன்படி தகட்டை வெட்டி, பழைய தகட்டில் இருந்த பள்ளக்கோடுகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் தரை கால் பட்டாலே டப்டப் என்று அடிக்கும். சாதாரண ராடு வெல்டிங் இவ்வளவு மெல்லிய தகட்டைத் தின்றுவிடும், அதனால் ஒயரும் கேஸும் வைத்துச் செய்யும் சி.ஓ.டூ வெல்டிங். முதலில் ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாக நிரப்ப வேண்டும். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும்.

இதைச் செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பெட்ரோல் டேங்க்கை இறக்கி வேறு இடத்தில் வைத்து, பெட்ரோல் பைப்பையும் கழற்றி, பேட்டரி ஒயரை எடுத்த பிறகுதான் தீப்பொறியே எழலாம். பக்கத்தில் ஒரு ஆள் தண்ணீரோடும் ஈரச் சாக்கோடும் நிற்க வேண்டும். என் தம்பி நான்கு ஞாயிறும் நின்றான்.

தரை முடிந்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டிலும் ஜாக்கி வைக்கும் இடத்தில் துரு. அதை வெட்டிப் பற்றவைத்தபோது சூடு வெளிப்பக்கம் ஏறி, மூன்று வாரம் முன்னால் அடித்த புதுப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தினமும் பட்டறையில் இதே வேலை செய்கிறவன் நான். அடிப்பக்கம் முடியாமல் மேலே பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். சொந்த வண்டியில் அவசரப்பட்டேன். பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டதற்கு 2,500. தகடு 900, ஒயரும் கேஸும் 1,100, துரு பிடிக்காமல் அடிக்கும் ரெட் ஆக்ஸைடும் அண்டர் கோட்டிங்கும் 2,400.

அடுத்தது இன்ஜின். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் ஆட்டம். கார்புரேட்டர்தான் காரணம் என்று நினைத்து, கிட் வாங்கிப் போட்டு, டேங்க்குக்குள் இருந்த துருவையும் எடுத்தேன். இரண்டு கிலோ சின்ன நட்டுகளை உள்ளே போட்டு, சோடா உப்புக் கரைசல் ஊற்றி, டேங்க்கை ஒரு மணி நேரம் உருட்டினோம். காபி நிறத்தில் வந்த தண்ணீர் ஐந்தாவது அலசலில் தெளிந்தது. அது நல்ல வேலைதான். ஆனால் ஆட்டம் போகவில்லை.

முதலிலேயே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பார்த்திருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி கேஜ் வைத்துச் சுற்றினால் 155, 150, மூன்றாவதில் 95 பி.எஸ்.ஐ. மெக்கானிக் அண்ணன் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றச் சொன்னார். 100-ஐத் தாண்டவில்லை. ஆயில் விட்டதும் ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம், ஏறாததால் வால்வுதான் என்றார். இன்ஜின் ஹெட்டை இறக்கியதில் அப்படியே இருந்தது, எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் தின்றுபோயிருந்தது. லேத்தில் ஹெட் ஃபேசிங், வால்வு கிரைண்டிங் 1,200. கேஸ்கட் செட் 1,450, கார்புரேட்டர் கிட் 650, பெட்ரோல் பம்ப் 700, டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 1,100, ஆயில், ஃபில்டர், கூலன்ட் 1,900, அண்ணன் கூலி 3,500. மொத்தம் 10,500. மே மாதம் முதல் தடவையாக ஐடிலில் பானெட் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திப் பார்த்தோம், விழவில்லை. இந்த வேலை முழுவதிலும் அந்த அரை மணி நேரத்தை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் செலவாக எழுத மாட்டேன்.

பிரேக் சிக்கலில்லை. பின் வீல் சிலிண்டர் இரண்டும் இறுகியிருந்தன, மாற்றினேன். ஷூ, முன் பேட், பிரேக் ஆயில் எல்லாம் 1,910. பேட்டரி 3,200.

டயரைத்தான் கவனிக்கவில்லை. நான்கிலும் ரோட்டில் படும் பட்டன் தேயாமல் நன்றாக இருந்ததால் வாங்கும்போது டயருக்கு ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை. காற்று பிடிக்கப் போன இடத்தில்தான் அந்தக் கடைக்காரர் டயர் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார்: 3116. அதாவது 2016-ஆம் வருஷம் 31-ஆவது வாரத்தில் செய்தது. வளைத்துப் பார்த்தால் நரம்பு நரம்பாக வெடிப்பு. இந்த டயரில் குடும்பத்தோடு ஒருவர் ஹைவேயில் போவார் என்று நினைத்தபோது மனசு ஒப்பவில்லை. 145/70 ஆர்12 நாலும் 9,800, அலைன்மென்ட் 400.

இதற்கெல்லாம் இணையாக ஓடிக்கொண்டிருந்தது பேப்பர் வேலை. மாலை போட்ட படத்தில் இருந்தவர்தான் ஆர்.சி.யின் உரிமையாளர். 2022-இல் இறந்துவிட்டார். மகன் என்னை ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பையன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவரும் நம்பியிருந்தார். இறந்தவர் பேரில் இருக்கும் வண்டியை முதலில் ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும், பிறகு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஃபார்ம் 29, 30 போட்டு என் பேருக்கு வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் போய்க் கேட்டிருந்தால் அதே பதிலை இலவசமாகச் சொல்லியிருப்பார்கள்.

வாரிசுச் சான்று எடுக்கவே இல்லை அவர்கள் வீட்டில். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தது பிப்ரவரி கடைசியில். ஏப்ரல் 19-இல் ஓட்டுப்பதிவு, வி.ஏ.ஓ. முதல் தாசில்தார் வரை எல்லோருக்கும் தேர்தல் வேலை. சான்று கைக்கு வந்தபோது மே கடைசி. வாரிசு மூன்று பேர்: அம்மா, மகன், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள். அம்மா பேருக்கு மாற்ற மற்ற இருவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அந்த அக்கா வரமுடியாத நிலை, நானே பஸ் ஏறி ஓசூர் போனேன். ஸ்டாம்ப் பேப்பரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பா என்னைக் காலேஜுல விடறதுக்கு இந்த வண்டியிலதானுங்க வந்தாரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போக வர 860 ரூபாய், ஒரு முழு நாள்.

ஆர்.சி. புதுப்பிக்கும் ஆய்வுக்கு முன், தகட்டில் பொறித்த சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். என் வண்டியில் அது துருவுக்குள் பாதி மறைந்திருந்தது. உப்புத்தாள் போடப் போனவனை அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். தேய்த்த தடம் தெரிந்தால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு நாள் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்ததில் எழுத்து முழுசாகக் கிடைத்தது.

புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 5,000. 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600-ஆக இருந்தது. பசுமை வரி, தாமதத்துக்கான பணம், இரண்டு பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ரசீதுகளின் கூட்டல் 9,860. டைப்பிங், நோட்டரி, ஜெராக்ஸ் 1,940. ஓசூர்ப் பயணத்தையும் சேர்த்தால் பேப்பருக்கு மட்டும் 12,660. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு அப்போது அடிப்படை 2,094. உரிமையாளர் விபத்துக் காப்பும் வரியும் சேர்ந்து 2,860. புகைச் சான்று 120.

என் பேருக்கு மாற்றாமல், கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்மோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். பணமும் மிச்சம், ஓனர் எண்ணிக்கையும் ஒன்று குறையும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டியை விற்றிருந்தாலும் விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் எங்காவது இடித்தால் பரமத்தி வேலூரில் இருக்கும் அந்த அம்மா கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். அவர் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆகஸ்டில் என் பேருக்கு வந்தது.

விற்பது தனி வேலை. 95,000 என்று போட்டேன். 40-க்கு மேல் போன் வந்தது, பாதிப் பேர் வண்டியைப் பற்றி எதுவும் கேட்காமல் "லாஸ்ட் எவ்வளவு?" என்றார்கள். நேரில் வந்தவர்கள் 14 பேர். ஒவ்வொருவர் வரும்போதும் வண்டியைக் கழுவி, ஓட்டிக் காட்டி, அரை நாள் லீவு. பெட்ரோலும் கழுவலும் 1,600. என் வீட்டுத் தெருவில் கார் நிற்காது என்பதால் பக்கத்துக் காலி ஷெட்டுக்கு மாதம் 500, பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஒன்பது மாதம், 4,500. வந்தவர்களில் விவரம் தெரிந்தவர் அத்தனை பேரும் ஆர்.சி.யைப் பார்த்ததும் சொன்னது ஒன்றுதான்: "நாலாவது ஓனர் ஆகுதுங்களே." அப்பா, அம்மா, நான், அடுத்து அவர். ஒழுங்காகச் செய்ததே விலையைக் குறைத்தது. ஒரு வியாபாரி 48,000-க்கு மேல் ஏறவே இல்லை.

கடைசியில் மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தன் மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் நேராக மேட்டைத் தூக்கினார். நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன்: ஓட்டை, வெட்டிய அளவு, ஒவ்வொரு புள்ளி வெல்டிங், ரெட் ஆக்ஸைடு. அவர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இந்த வேலையைப் பண்ணுன ஆளு நீங்களா?" என்றார். 78,000-இல் ஆரம்பித்து 72,000-இல் முடிந்தது. பெயர் மாற்றத்துக்கு நானே கூடப் போய் நின்று, ரசீது வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

ஆறாவது நாள் போன். வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றார். ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் நின்றுபோயிருந்தது. விற்றாகிவிட்டது, பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். 1,800-க்கு மோட்டார் வாங்கிப் போய் அவர் பண்ணையிலேயே மாட்டிக்கொடுத்தேன். திரும்பும்போது ஒரு அட்டை முட்டை கொடுத்து அனுப்பினார்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். விற்கும் விலையை நான் கணித்ததில் தப்பு வெறும் 3,000. செலவைக் கணித்ததில் தப்பு 56,750. இதில் வண்டியைச் சரிசெய்யும் வேலையில் கூடிப்போனது, அதாவது இன்ஜின், தரை, பெயிண்ட், பிரேக், பேட்டரி எல்லாம் சேர்த்து, 13,510-தான். மீதி 43,240-ம் நான் முதல் நாள் எழுதிய தாளில் ஒரு வரியாகக்கூட இல்லாதவை: தேடல், புரோக்கர், ரெக்கவரி வண்டி, பேப்பர், இன்சூரன்ஸ், டயர், ஷெட் வாடகை, ஓட்டிக்காட்டிய பெட்ரோல், விற்ற பிறகு மாட்டிய மோட்டார். விற்று வந்த 72,000 போக, கையிலிருந்து போனது 26,750. அதுபோக 26 நாள் என் உழைப்பு. என் நாள் கூலி 900 என்று வைத்தால் 23,400. அதை நட்டத்தில் சேர்க்கவில்லை, ஆனால் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவை சிலவற்றை மாற்றுகிறேன். 20 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ஆகிவிட்டது. அதனால் அந்த வயசு வண்டியை எனக்கென்று வைத்துக்கொள்ள வாங்குவேனே தவிர விற்க வாங்க மாட்டேன். ஆர்.சி.யில் குறைந்தது இரண்டு வருஷம் மீதி இருக்க வேண்டும். கொஞ்சம் தரை பற்றவைக்கும் வேலை இருந்தால் எனக்கு அது நல்லது, மற்றவர்கள் அதற்குப் பயந்து விலையைக் குறைப்பார்கள், எனக்கோ தகடு செலவுதான். ஆனால் வெல்டிங் முதலில், பெயிண்ட் கடைசியில். தேடலுக்கு 3,000-க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எல்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போய் இது தொழிலாக மாறினால் வேறு கணக்கு: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும், ஜி.எஸ்.டி. பதிவும் இருந்தால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும். அந்த அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

துறையூரில் ஒரு 2013 ஆல்ட்டோ பார்த்து வைத்திருக்கிறேன். ஆர்.சி. 2028 வரை ஓடும். வரும் ஞாயிறு காலை போகிறேன். பையில் டார்ச், காந்தம், ஸ்குரூ டிரைவர், கம்ப்ரஷன் கேஜ், டயர் தேதி குறிக்க ஒரு நோட்டு. போனில் பேசும்போது விலையைக் கேட்கும் முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன்: இவ்வளவு வருஷமும் வண்டி எந்த ஊரில் நின்றது, ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர் நல்லா இருக்காருங்களா என்று. "நான்தானுங்க அது" என்றார் எதிர்முனையில்.